வீட்டில் நோயாளி, லைனில் ஷிஃப்ட்: கம்பெனி என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் சுமார் 200 பேர் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலை. ஆட்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்தும், எல்லைக்கு இந்தப்புறம் தமிழ்நாட்டில் க.க.சாவடி, எட்டிமடை, பொள்ளாச்சியிலிருந்தும் வருகிறார்கள். படுத்த படுக்கையான பெற்றோரையோ மாற்றுத்திறன் உள்ள பிள்ளையையோ வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் அடிக்கடி ஆப்சென்ட் ஆகிறார்கள், நல்ல ஆபரேட்டர்கள் திடீரென்று நின்றுவிடுகிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத நிலையில் நிர்வாகம் என்ன செய்யலாம் என்று எச்.ஆர். பொறுப்பில் இருப்பவர் கேட்கிறார்.

செய்ய நிறைய இருக்கிறது, பெரும்பாலானவற்றுக்குப் பணம் அதிகம் தேவையில்லை. வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் தொழிலாளிக்கு வேண்டியது நீண்ட லீவு என்று நிர்வாகங்கள் நினைத்துக்கொள்கின்றன. அவருக்கு வேண்டியது சின்னச் சின்னத் துண்டு நேரம்: இன்று இரண்டு மணி நேரம், வியாழன் அரை நாள், அடுத்த மாதம் மூன்று நாள். அதைக் கேட்டால் தண்டனை வரக்கூடாது, கேட்ட இடத்திலேயே 'சரி' என்று சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு இருக்க வேண்டும்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். தனியார் தொழிலாளிக்கு, வயதான பெற்றோரையோ நோயாளியையோ பார்த்துக்கொள்வதற்கென்று தனி லீவு நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் நோய்க்காலப் பணம் (சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை) தொழிலாளியே நோயில் விழுந்தால்தான் கிடைக்கும். 1948 தொழிற்சாலைச் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் ஈட்டிய விடுப்பு தந்தது. ஆனால் 15 நாள் முன்னால் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது, வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் பிரித்து எடுக்க முடியவில்லை. 2025 நவம்பர் 21இல் புதிய தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து, இந்த விடுப்புக்கான தகுதி 240 வேலைநாளிலிருந்து 180 ஆகக் குறைந்தது. ஆனால் பதினைந்து நாள் முன்னறிவிப்பும் மூன்று தவணையும் கம்பெனிகளின் பழைய லீவு விதிகளில் அப்படியே உட்கார்ந்திருக்கும். உங்கள் விதிப் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதைவிடத் தாராளமாகக் கொடுக்க யாரும் தடை சொல்லவில்லை.

வெளிநாட்டு முன்மாதிரி கேட்டு நிர்வாகம் மடக்கினால் இரண்டு போதும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வருடத்துக்கு ஒரு வாரம் பராமரிப்பு லீவு, சம்பளமில்லாமல், அரை நாள் அரை நாளாகக்கூட எடுக்கலாம். சான்று கேட்கக் கூடாது. ஜப்பானில் பார்த்துக்கொள்ளப்படும் ஒருவருக்கு 93 நாள், மூன்று தவணையாக. அது தவிர வருடத்துக்கு 5 நாள், 2021 முதல் மணிக்கணக்கில். இரண்டு நாட்டிலும் லீவின் அளவைவிட அதை உடைத்து எடுக்கும் வசதிதான் கவனிக்க வேண்டியது.

இப்போது உங்கள் லைனுக்கு வருவோம். 6–2, 2–10, 10–6 என்று வாரம் ஒரு ஷிஃப்ட் சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆபரேட்டரின் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், காலை 7 மணி ஸ்லாட். ஒரு தடவைக்கு ஊசி ஏற்றியதிலிருந்து நான்கு மணி நேரம். அதற்கு முன் எடை, பி.பி. பார்த்து மெஷினில் மாட்டுவது, பிறகு ஊசி எடுத்த இடத்தை ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிப்பது, தலைசுற்றல் தெளியும்வரை உட்காரவைப்பது, ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று எல்லாம் சேர்த்தால் ஆறு மணி நேரம் போய்விடும். டயாலிசிஸ் மையம் அதே நாள், அதே ஸ்லாட் என்று நிலையாகக் கொடுக்கும். நம் ஷிஃப்ட்தான் சுழல்கிறது. காலை ஷிஃப்ட் வாரத்தில் மூன்று நாள் மோதல், மூன்று ஆப்சென்ட். மதிய ஷிஃப்ட் வாரத்தில் ஓடி வந்து சேர்ந்துவிடுவார். இரவு ஷிஃப்ட் வாரம்தான் மோசம்: 6 மணிக்கு பஞ்ச் அடித்துவிட்டு நேரே 7 மணிக்கு டயாலிசிஸ் மையத்தில் நிற்கிறார், பகல் ஒரு மணிக்குத்தான் படுக்கிறார், ராத்திரி பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறார். அந்த வாரம் அட்டெண்டன்ஸ் ரிப்போர்ட்டில் ஒரு குறையும் தெரியாது. விரல் போவது அந்த வாரத்தில்தான்.

இதற்கு மருந்து, அவருக்கு ஷிஃப்டைப் பூட்டிவிடுவது. மூன்று மாதத்துக்கு மதிய ஷிஃப்ட் மட்டும் என்று எழுதிக் கொடுங்கள், மூன்று மாதம் கழித்துப் பேசிப் புதுப்பியுங்கள். ஒரு ரூபாய் செலவில்லை. இரவு ஷிஃப்ட் அலவன்ஸ் போய்விடுமே என்று அவரே தயங்குவார். எவ்வளவு குறையும் என்று கணக்கை முன்கூட்டிக் காட்டி, முடிவை அவரிடமே விடுங்கள். நிர்வாகமே முடிவெடுத்து மாற்றினால், உதவி செய்தது போலத் தெரியாது, சம்பளத்தை வெட்டியது போலத்தான் தெரியும்.

எல்லா நோயும் டயாலிசிஸ் மாதிரி அட்டவணை போட்டு வராது. கீமோவுக்குப் பெரும்பாலும் இத்தனை நாளுக்கு ஒரு சுற்று என்று கணக்கு உண்டு, அதற்கு நாள் குறித்து லீவு கொடுத்துவிடலாம். பக்கவாதம் வந்தவருக்கு முதல் மூன்று மாதம் பிசியோதெரபி முக்கியம். அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் தாராளமாக இருந்தாலே போதும். வலிப்பு, மனநோய், மூச்சிரைப்பு இவையெல்லாம் முன்னறிவிப்பில்லாமல் வருபவை. இவர்களுக்கு அவசர அனுமதிதான் வேண்டும், முன்பதிவு லீவு உதவாது. மறதி நோய் மெதுவாக வருடக்கணக்கில் இழுக்கும், ராத்திரித் தூக்கத்தைத்தான் முதலில் தின்னும். ஆகவே ஒரே ஒரு திட்டம் எழுதி எல்லாருக்கும் பொருத்தப் பார்க்காதீர்கள்.

அட்டெண்டன்ஸ் போனசைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என் கணிப்பில், இந்த ஆட்களை வேலையை விட்டுத் துரத்துவதில் இதற்குத்தான் முதலிடம். மாதம் 1,500 ரூபாய் போனஸ், ஒரு நாள் வராவிட்டால் முழுவதும் போச்சு என்று விதி இருந்தால், 4ஆம் தேதி அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவருக்கு மீதி மாதம் முழுக்க வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். ஒரு நாள் லீவு மூன்று நாளாவது அப்படித்தான். முதல் நாளுக்கு 300, இரண்டாம் நாளுக்கு இன்னொரு 300 என்று படிப்படியாகக் குறையும்படி மாற்றுங்கள். பதிவு செய்த பராமரிப்பாளரின் பராமரிப்பு லீவை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். லீவுக் கொள்கையை எவ்வளவு அழகாக எழுதினாலும், இந்த விதியை மாற்றாவிட்டால் அது சுவரில் ஒட்டிய நோட்டீசாகவே இருக்கும்.

லீவு எவ்வளவு? வருடத்துக்கு ஐந்து நாள் சம்பளத்தோடு, அதற்கு மேல் பத்து நாள் சம்பளமில்லாமல் என்று தொடங்கலாம். ஐந்து நாளை 40 மணி நேரமாகக் கணக்கில் வைத்து, இரண்டு மணி நேரத் துண்டாக எடுக்க விடுங்கள். நிர்வாகம் செலவு என்று கத்தும். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 200 பேர், வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் 60,000 மனிதநாள். 15 பேர் பதிவு செய்து ஐந்து நாளையும் எடுத்தால் 75 மனிதநாள், அதாவது 0.125 சதவீதம். இருநூறு பேருமே எடுத்தால்கூட 1,000 மனிதநாள், இரண்டு சதவீதத்தைத் தொடாது. ஒரு சி.என்.சி. ஆபரேட்டர் நின்றுபோய்ப் புதியவர் கை பழகும்வரை போகும் ரிஜெக்ஷனையும் ஓ.டி.யையும் உங்கள் புரொடக்ஷன் மேனேஜரிடமே கேட்டு அந்தத் தாளில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அரை நாள் லீவில் ஒரு சிக்கல். கம்பெனி பஸ் ஷிஃப்ட் முடிந்துதான் கிளம்பும். 10 மணிக்கு கேட் பாஸ் வாங்கிய பெண் ஹைவேக்கு நடந்து, பாலக்காடு–கோவை பஸ்ஸைப் பிடித்து, வாளையாறில் இறங்கி ஊர் பஸ்ஸுக்குக் காத்திருந்து வீட்டுக்குப் போகும்போது பாதி நேரம் ரோட்டிலேயே கழிந்திருக்கும். ஆகவே அரை நாள் எத்தனை மணிக்குத் தொடங்கும், முடியும் என்பதை அந்த ஊர் பஸ் நேரத்தைப் பார்த்து வையுங்கள். பகலில் மெட்டீரியல் எடுக்கப் போகும் வண்டி ஹைவே வரை விடட்டும். அற்ப விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் இதைச் செய்யாத இடத்தில் அரை நாள் கேட்கும் ஆள் முழு நாள்தான் எடுப்பார்.

போனும் அப்படித்தான். மெஷின் பக்கத்தில் போன் கூடாது என்பது சரியான விதி, தளர்த்த வேண்டாம். அதற்குப் பதிலாக சூப்பர்வைசர் மேஜையில் ஒரு போன், அந்த நம்பர் வீட்டாரிடம் இருக்கட்டும், வந்த செய்தி ஐந்து நிமிடத்துக்குள் ஆளிடம் போய்ச் சேர வேண்டும் என்று எழுதி வையுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் அம்மா கீழே விழுந்தால் தெரியும் என்ற நிச்சயம் இருந்தால், டாய்லெட்டுக்குப் போகிறேன் என்று போனைப் பார்க்கப் போகும் பழக்கம் தானாக நிற்கும்.

யார் பராமரிப்பாளர் என்று எப்படித் தெரியும்? கேட்டால் சொல்ல மாட்டார்கள். 2024இன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதமும் ஆண்களில் 21.4 சதவீதமும் வீட்டாரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் (குழந்தை வளர்ப்பும் சேர்த்து) நேரம் செலவிட்டிருந்தார்கள். பெண்கள் நாளுக்கு 140 நிமிடம், ஆண்கள் 74 நிமிடம். பெண்கள் 'அது வீட்டு வேலைதானே' என்று நினைத்துச் சொல்வதில்லை, ஆண்கள் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. 'அப்பாவுக்கு டயபர் மாத்தப் போறானாம்' என்று ஒரு தடவை லைனில் சிரிப்பு எழுந்தால் அடுத்த ஐந்து பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். வாட்ஸாப் குழுவில் லீவுக் காரணத்தைப் போடும் சூப்பர்வைசரை அன்றே நிறுத்துங்கள். குழுவில் 'இன்று லீவு' என்பது மட்டும் போதும்.

பதிவுக்கு ஒரு பக்கத் தாள், தமிழிலும் மலையாளத்திலும். யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள், எந்த நேரங்களில் நீங்கள் வீட்டில் இருந்தே ஆக வேண்டும், எவ்வளவு காலம் இப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள், நீங்கள் இல்லாதபோது பார்க்க வேறு யார் உண்டு, அவசர நம்பர் எது. இந்த ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். நோயின் பெயர் கேட்காதீர்கள், அது உங்களுக்குத் தேவையில்லை. டாக்டர் சீட்டு கட்டாயமாக்கினால் அதை வாங்கவே இன்னொரு நாள் போகும். சுய அறிவிப்பு போதும். சந்தேகம் வந்தால் மூன்று மாதப் பேச்சில் தெரிந்துவிடும்.

ஏமாற்ற மாட்டார்களா என்ற கேள்வி கட்டாயம் வரும். இப்போதே ஏமாற்றிக்கொண்டுதான் இருப்பார்கள், வேறு வழியில்லாமல். அம்மாவைப் பார்த்துக்கொள்ள லீவு இல்லாததால் தனக்கே முதுகுவலி என்று இ.எஸ்.ஐ.யில் சான்று வாங்குகிறார்கள். கம்பெனி அதைச் சந்தேகித்து மெமோ கொடுக்கிறது, உண்மையைச் சொல்ல முடியாமல் அவர் ராஜினாமா கொடுக்கிறார். உண்மையான காரணத்துக்கு ஒரு பெட்டியைப் படிவத்தில் வைத்தாலே பாதிப் பொய் குறையும்.

'குடும்பம்' என்ற சொல்லைப் படிவத்தில் குறுக்காதீர்கள். பழைய இ.எஸ்.ஐ. வரையறையைப் பார்த்து எழுதினால் மாமியார் விடுபடுவார்; பெண் தொழிலாளியின் மாமனார், மாமியாரை 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம்தான் உள்ளே கொண்டுவந்தது. கல்யாணமாகாத அத்தை, அக்காவின் மூளை வளர்ச்சி குன்றிய மகன், வளர்த்த பாட்டி எல்லாரையும் நம் வீடுகளில் யாரோ ஒருவர் பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறார். 'என் பராமரிப்பை நம்பியிருப்பவர்' என்று எழுதினால் போதும்.

அதிகாரம் யாரிடம் என்பதில்தான் பல திட்டங்கள் படுத்துவிடுகின்றன. ராத்திரி 11 மணிக்கு வீட்டிலிருந்து போன் வந்தால் எச்.ஆர். ஆபீஸ் பூட்டியிருக்கும். 'சேட்டா, ரெண்டு மணி நேரம் வேணும்' என்று ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம்தான் கேட்பார்கள். நான்கு மணி நேரம் வரை அவரே விடலாம், மறுநாள் பதிவு செய்தால் போதும் என்று எழுதிக் கொடுங்கள். ஆனால் அவருக்கு லைன் டார்கெட் இருக்கிறது. ஆளை விட்டால் அவர் தலைதான் உருளும் என்றால் விட மாட்டார். பராமரிப்பு லீவில் போன மணி நேரத்தை அந்த ஷிஃப்டின் டார்கெட்டிலிருந்து கழித்துவிடுங்கள். கூடவே ஒவ்வொரு மெஷினையும் ஓட்டத் தெரிந்தவர்கள் குறைந்தது மூன்று பேர் இருக்கும்படி பயிற்சி அட்டவணை வையுங்கள். ரிலீவர் இல்லாத இடத்தில் கருணை நிற்காது.

ஷிஃப்ட் மாற்றிக்கொள்வதை வாய்வார்த்தையில் விடாதீர்கள். மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) ஒரு பெயர், மெஷினில் வேறொரு ஆள் என்று இருக்கும்போது விபத்து நடந்தால் இ.எஸ்.ஐ. கிளெய்ம் சிக்கலாகும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சீட்டு சூப்பர்வைசரிடம் இருக்கட்டும். மாற்றியதால் யாருக்கும் தொடர்ந்து 16 மணி நேரம் வரக்கூடாது. எப்போதும் கல்யாணமாகாத பையன்கள் தலையிலேயே மாற்று ஷிஃப்ட் விழுந்தால் ஆறு மாதத்தில் முறைப்பு வரும். ரிலீவராக வருகிறவருக்கு ஓ.டி. சட்டப்படி இரட்டிப்பாகப் போகட்டும்.

கான்ட்ராக்ட் ஆட்களை மறந்துவிட்டால் இது வெறும் ஆபீஸ் சலுகை. அவர் இரண்டு நாள் வராவிட்டால் கான்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்பிவிடுவார், அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து, அந்த ஐந்து நாள் சம்பளத்தைப் பில்லில் தனியாகக் கொடுங்கள். பணம் கொடுக்காமல் வரியை மட்டும் சேர்த்தால் அவர் அதை ஆளிடமே பிடித்துக்கொள்வார்.

எல்லைப்புறத்துக்கே உரிய சில விஷயங்கள். இ.எஸ்.ஐ. பதிவில் தொழிலாளிக்கு ஒரு டிஸ்பென்சரி, குடும்பத்துக்கு வேறு டிஸ்பென்சரி என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. வேலை கஞ்சிக்கோட்டில், அம்மா கோவையில் என்றால் குடும்பத்துக்குக் கோவையைப் போட வேண்டும்; அவசரத்தில் இரண்டுக்கும் ஒன்றையே போட்டுவிட்டு, அம்மாவை அந்த ஒரு டிஸ்பென்சரிக்காக எல்லை தாண்டிக் கூட்டிவருகிறார்கள். பெற்றோரைச் சேர்க்க அவர்களின் மாத வருமானம் 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இன்னொரு கண்ணி: மாதச் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாயைத் தாண்டினால், அந்தப் பங்களிப்புக் காலம் (ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச்) முடியும்வரைதான் பிடித்தம். அதன்பிறகு, அந்தப் பிடித்தத்துக்குப் பலன் கிடைக்கும் காலமும் முடிந்ததும் அப்பாவின் சிகிச்சையும் போய்விடும். 800 ரூபாய் இன்கிரிமென்ட் கொடுத்து டயாலிசிசை நிறுத்தியது போலாகக் கூடாது. தாண்டப்போகிறவர்களை முன்பே கண்டுபிடித்து, பெற்றோரைச் சேர்க்கும் குரூப் மெடிக்ளெய்மில் ஏற்றிவிட்டு இன்கிரிமென்ட் கொடுங்கள்.

அரசு உதவி, நோயாளி எந்த மாநிலத்தில் குடியிருக்கிறாரோ அங்கேதான். கேரளத்தில் படுக்கையில் இருப்பவரை முழுநேரம் பார்த்துக்கொள்பவருக்கு ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் மாதம் 600 ரூபாய். உங்கள் ஆள் வேலைக்கு வருவதால் அது வீட்டில் இருக்கும் இன்னொருவர் பெயரில்தான் போகும். தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிக்குப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000. பணத்தைவிடப் பெரிய உதவி வீட்டுக்கு வரும் நர்ஸ். நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு 2008இலேயே அரசுக் கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். பஞ்சாயத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பாலியேட்டிவ் நர்ஸ் வீடு தேடி வருவார். தமிழ்நாட்டுப் பக்கம் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிசியோதெரபியையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. நோட்டீஸ் போர்டில் நான்கு நம்பர் போதும்: மருத்துவ ஆலோசனைக்குக் கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104, முதியோர் உதவிக்கு 14567, மனநலத்துக்கு 14416.

பண்டிகையைக் கவனியுங்கள். சம்பளத்துக்கு வைத்த ஹோம் நர்ஸ் ஓணத்துக்கு ஊருக்குப் போய்விடுவார். பொள்ளாச்சிப் பக்கத்து ஆளுக்கு அந்த வாரம்தான் அதிக லீவு தேவைப்படும், உங்களுக்கோ மலையாளி ஆட்கள் எல்லாரும் லீவில். பொங்கலுக்கு இதுவே தலைகீழ். ஓணத்துக்கு ஒரு மாதம் முன்பே பதிவு செய்தவர்களிடம் 'அந்த வாரம் வீட்டில் யார் இருப்பார்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டு ரோஸ்டர் போடுங்கள்.

கடைசியாக, நோயாளி இறந்தபின். பல கம்பெனிகள் இங்கே கெடுத்துக்கொள்கின்றன. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வருகிறவரை, பராமரிப்பு முடிந்துவிட்டதே என்று மறுநாளே இரவு ஷிஃப்டுக்குப் போட்டுவிடுகிறார்கள். வருடக்கணக்கில் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து புரட்டிப் படுக்க வைத்தவருக்குத் தூக்கம் உடனே திரும்பாது. பூட்டிய ஷிஃப்டை இன்னும் மூன்று மாதம் அப்படியே விடுங்கள். மீதமிருக்கும் பராமரிப்பு லீவை ஈமக்காரியத்துக்கும் இறப்புச் சான்று, பென்ஷன், வங்கி அலைச்சலுக்கும் எடுக்க விடுங்கள். இ.எஸ்.ஐ.யிலும் மெடிக்ளெய்மிலும் பெயர் நீக்கும் படிவத்தை அவர் கையில் திணிக்காமல் எச்.ஆர். தானே நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கட்டும்.